ஹார்ட்விக் மாளிகை: இவ்வளவு ஜன்னல் வைத்தும் எப்படி நிற்கிறது?

தெருக்கோடி (சனி, இரவு 9.12)

வணக்கம் நண்பர்களே. ஷெஃபீல்டிலிருந்து எம்1 சாலையில் தெற்கே போகும்போதெல்லாம் இடது பக்கம் மேட்டின் மேல் ஒரு பெரிய கல் மாளிகை கண்ணில் படும். நான்கு வருடமாக "ஒருநாள் போகணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், அந்தச் சாக்கில் போய்விட்டோம். டெர்பிஷயரில் இருக்கும் ஹார்ட்விக் மாளிகை அது.

அப்பா பொதுப்பணித்துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். எல்லோரும் அழகைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கேட்டது ஒன்றுதான்: "டேய், இதுல சுவர் எங்கடா இருக்கு?"

உண்மைதான். முகப்பு முழுக்க ஜன்னல். அதுவும் கீழ்த்தளத்தில் சின்னதாக இருந்து, மேலே போகப் போகப் பெரிதாகிறது. நம் கணக்குப்படி தலைகீழ். 1590களில் கட்டியது என்கிறார்கள். அந்தக் காலத்தில் இரும்புச் சட்டமும் கிடையாது, கான்கிரீட்டும் கிடையாது, வெறும் கல்லும் சுண்ணாம்பும். 400 வருடத்துக்கு மேல் எப்படி நிற்கிறது? உள்ளே நின்றிருந்த தன்னார்வலர் ஒருவரிடம் கேட்டேன். அவர் இந்த மாளிகையைக் கட்டிய சீமாட்டியின் நான்கு கல்யாணங்களைப் பற்றி அருமையாகச் சொன்னார், சுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அப்பா இன்னும் பத்து நாள்தான் இங்கே இருப்பார், தினமும் கேட்கிறார்.

எதிர்க்கேள்வி (சனி, இரவு 9.30)

பணக்காரர் வீடு நிற்காமல் என்ன செய்யும்? ஏழை வீடுதான் விழும். :)

ஆவணப்பூச்சி (சனி, இரவு 10.05)

தெருக்கோடி தம்பி, கட்டுமானத்தைப் பற்றிக் கொத்தனார்மகன் வந்து சொல்லுவார், அவர் துறை அது. நான் பின்னணியை மட்டும் வைக்கிறேன், ஏனென்றால் அந்த நான்கு கல்யாணத்துக்கும் ஜன்னலுக்கும் சம்பந்தம் உண்டு.

கட்டியவர் எலிசபெத், ஷ்ரூஸ்பரி சீமாட்டி. எல்லோரும் பெஸ் ஆஃப் ஹார்ட்விக் என்றே சொல்லுவார்கள். 1527 வாக்கில் அதே மேட்டில் இருந்த ஒரு சாதாரணப் பண்ணை வீட்டில் பிறந்தவர். பெரிய வசதி கிடையாது. பார்லி, கேவண்டிஷ், செயின்ட் லோ, கடைசியாக ஷ்ரூஸ்பரியின் ஆறாவது ஏர்ல் (பிரபு) ஜார்ஜ் டால்பட் என்று நான்கு கணவர்கள். ஒவ்வொருவரும் போகும்போது இவர் கையில் ஏதாவது சேர்ந்தது. கடைசிக் கணவர் 1590 நவம்பரில் இறந்தார். அந்த வருடக் கடைசியிலேயே புது மாளிகைக்கு அஸ்திவார வேலை நடந்துகொண்டிருந்தது. அப்போது அவருக்கு 60 தாண்டிவிட்டது. 1597 அக்டோபரில் குடி போனபோது ஏறத்தாழ 70.

பக்கத்திலேயே கூரையில்லாமல் இடிந்து நிற்கிறதே, அதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இவர் கட்டியதுதான், 1587இல் தொடங்கினார். அந்த வேலை முடியும் முன்பே சில நூறு அடி தள்ளி இன்னொன்றை ஆரம்பித்துவிட்டார். இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் ஆட்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். இதை வெறும் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்க முடியாது. பழையது கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக் கட்டியது. முழுத் திட்டத்தோடு ஒரே வீச்சில் கட்டும் பணம் 1590க்குப் பிறகுதான் கைக்கு வந்தது.

கண்ணாடி அப்போது யானை விலை. பெஸ்ஸுக்கோ சொந்தமாகக் கண்ணாடிப் பட்டறையே இருந்தது. கல் மலையடிவாரத்துச் சொந்தக் குவாரியிலிருந்து வந்தது. மரம், ஈயம், சுண்ணாம்பு எல்லாமே பெரும்பாலும் சொந்த நிலத்திலிருந்துதான். அடுத்தவருக்கு மலையளவு செலவாகக்கூடிய ஒன்று இவருக்குக் கொஞ்சம் குறைவாக முடிந்தது. "ஹார்ட்விக் மாளிகை, சுவரைவிடக் கண்ணாடி அதிகம்" என்று ஆங்கிலத்தில் எதுகையோடு ஒரு சொலவடையே உண்டு.

எதிர்க்கேள்வி (சனி, இரவு 10.20)

சில ஜன்னல் பொய் ஜன்னல் என்று படித்தேன். கண்ணாடிக்குப் பின்னால் சுவராம். ஜன்னல் வரி கட்டாமல் ஏமாற்ற அடைத்ததுதானே? சீமாட்டியம்மா கெட்டிக்காரிதான்.

ஆவணப்பூச்சி (சனி, இரவு 10.41)

இல்லை. ஜன்னல் வரி வந்தது 1696இல், எடுத்தது 1851இல். இந்த வீடு முடிந்து நூறு வருடம் ஆன பிறகு வந்த வரிக்குப் பயந்து யாரும் முன்கூட்டியே ஜன்னலை அடைக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் எந்தப் பழைய வீட்டில் அடைத்த ஜன்னலைப் பார்த்தாலும் உடனே வரிக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள். அதோடு, வரிக்குப் பயப்படுகிறவர் திறப்பையே செங்கல்லால் அடைப்பார், இங்கே வெளியே கண்ணாடி மின்னுகிறது. காரணம் வேறு. கொத்தனார்மகன் எங்கே?

கொத்தனார்மகன் (ஞாயிறு, காலை 7.48)

இங்கேதான் இருக்கிறேன் அக்கா, கோவையில் நேற்று மின்வெட்டு.

தெருக்கோடி, அப்பாவிடம் சொல்லுங்கள்: சுவர் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறது.

சாதாரணமாக ஒரு பழைய ஆங்கிலக் கல் வீட்டில் கணப்பு எங்கே இருக்கும்? பெரும்பாலும் வெளிச்சுவரில். அடுப்பு, அதற்கு மேலே புகைக்குழல், அதற்கு மேலே கூண்டு. ஒவ்வொரு கணப்பும் வெளிச்சுவரில் ஏழெட்டு அடியைத் தின்றுவிடும். அந்த இடத்தில் ஜன்னல் வைக்க முடியாது. ஹார்ட்விக்கில் புகைக்குழல்களை உட்சுவர்களுக்குள் கொண்டுபோய்விட்டார்கள். இதில் ஒரே கல்லில் இரண்டு மாங்காய். ஒன்று, வெளிச்சுவர் முழுக்க ஜன்னலுக்குக் கிடைக்கிறது. இரண்டு, குழல்களைச் சுமக்க உட்சுவர் எப்படியும் கனமாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கனமான சுவரே கட்டடத்துக்கு முதுகெலும்பாகிவிடுகிறது. தளங்களின் உத்தரங்களுக்கு நம்பி உட்கார ஓர் இடம் கிடைக்கிறது.

மேல்தளத்தில் நீள் கூடம் பார்த்தீர்களா? 160 அடிக்கு மேல் நீளம், சுமார் 26 அடி உயரம். கிழக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். இரண்டு பெரிய கணப்புகளும் எந்தச் சுவரில் இருந்தன என்று யோசித்துப் பாருங்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், உட்சுவரில். நான் சொல்வது அதுதான்.

அடுத்தது கோபுரங்கள். நீளவாட்டுப் பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு, இரு முனைகளிலும் ஒவ்வொன்று, ஆக ஆறு. பார்ப்பதற்கு அலங்காரம். ஆனால் ஓர் அட்டையை நிமிர்த்தி வைத்தால் விழும், நாலு இடத்தில் மடித்து வைத்தால் நிற்கும். நீளமான சுவர் வெளியே போய்த் திரும்பி உள்ளே வருவதும் அந்த மடிப்பு வேலையைத்தான் செய்கிறது. ஜன்னலால் பலவீனமான சுவருக்கு இது பெரிய உதவி.

இனி அந்த "தலைகீழ்" விஷயம். கீழே சின்ன ஜன்னல், மேலே பெரிய ஜன்னல் என்றால் கல் எங்கே அதிகம்? கீழே. பாரம் எங்கே அதிகம்? அதுவும் கீழேதான். அப்பா யோசித்துப் பார்த்தால் இது நேர்க் கணக்கு என்று அவரே சொல்லிவிடுவார்.

பொய் ஜன்னல் கதையும் இதில்தான் வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் இடமும் வலமும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது பிடிவாதம். உள்ளே அறைகள் அப்படி ஒத்துவராது. அதனால் சில இடத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வெறும் சுவர். சில இடத்தில் வெளியே ஒரே நெட்டை ஜன்னலாகத் தெரிவது, உள்ளே இரண்டு தளத்துக்குப் பாதிப் பாதி. வெளித்தோற்றத்துக்காக உள்ளே செய்த சமரசம் அது. இன்றைக்கு ஐ.டி. கட்டடங்களில் தூணை மறைத்து வெளியே நீலக் கண்ணாடி ஒட்டுகிறோமே, அதே வேலை.

தெருக்கோடி (ஞாயிறு, காலை 10.15)

அண்ணா, அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "புகைக்குழல் உள்ளே போனா சுவருக்குள்ள ஓட்டை தானே, அது எப்படி பலம்?" என்கிறார்.

கொத்தனார்மகன் (ஞாயிறு, காலை 10.52)

சரியான கேள்வி. குழல் என்பது ஓட்டைதான். ஆனால் மூங்கிலும் ஓட்டைதான். குழல்களுக்கு நடுவே கல்லை விட்டுத்தான் கட்டுவார்கள், மொத்தத் தடிமன் சும்மா ஒரு சுவரைவிடப் பல மடங்கு. இந்தப் பதில் போதவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. பக்கத்தில் இடிந்து நிற்கும் பழைய மாளிகைக்குப் போகச் சொல்லுங்கள். தளங்கள் எல்லாம் போய்விட்டன, சுவர் மட்டும் நிற்கிறது. அறுத்து வைத்த பப்பாளி மாதிரி உள்ளே இருப்பதெல்லாம் தெரியும்.

தெருக்கோடி (ஞாயிறு, காலை 11.00)

அன்றைக்கு அம்மாவுக்குக் கால் வலி, பழையதை வெளியே நின்று பார்த்ததோடு வந்துவிட்டோம். அடுத்த வாரம் முயற்சி செய்கிறேன்.

வடமராட்சியான் (ஞாயிறு, மதியம் 1.20)

நல்ல இழை. நான் டெர்பிஷயரிலேயே 20 வருடமாக இருக்கிறேன், அந்த மாளிகைக்கு எத்தனை தரம் போனேன் என்று கணக்கில்லை. ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது என் தலைவிதி. நான் சொல்ல நினைப்பது கல்லைப் பற்றி.

அது மணற்கல். இந்தப் பக்கம் நிலக்கரிப் படிவுகளோடு சேர்ந்து கிடைக்கும் வகை. பாத் நகரத்து வீடுகளின் சுண்ணாம்புக்கல்லோ, சாமர்செட்டில் மாண்டகியூட் மாளிகை கட்டிய தேன் நிறத்து ஹாம் கல்லோ இல்லை. வெட்டும்போது மிருதுவாக இருப்பதால் உளிக்கு இணங்கும், ஆனால் காற்றும் மழையும் அதை விடாது. மேட்டின் உச்சியில் நிற்கும் வீடு வேறு. கிட்டப் போய்ப் பாருங்கள்: சில கற்களின் முகம் வெங்காயத் தோல் மாதிரி உரிந்திருக்கும். பக்கத்துக் கல் நேற்று வெட்டியது போல் கூர்மையாக இருக்கும். பழசை எடுத்துவிட்டுப் புதுசு வைத்த இடங்கள் அவை. இந்த வேலைக்கு முடிவே இல்லை.

மணற்கல்லுக்குப் படுக்கை வாக்கு என்று ஒன்று உண்டு. பூமிக்குள் எப்படிப் படிந்து கிடந்ததோ அதே வாக்கில் சுவரில் படுக்க வைக்க வேண்டும். நிமிர்த்தி வைத்தால் அடுக்கு அடுக்காக உரிந்துவிடும். சாதாரணச் சுவருக்கு இது சுலபம். ஆனால் ஜன்னலைப் பிரிக்கும் நெட்டுக்கல் இருக்கிறதே, அது ஒல்லியாக உயரமாக நிற்க வேண்டியது. நீளமான கல் வேண்டும் என்றால் படுக்கை வாக்கு சரியாக வராது. அதனால் இந்த மாதிரி வீடுகளில் முதலில் அடிபடுவது ஜன்னல் கற்கள்தான். ஹார்ட்விக்கில் ஜன்னல் எத்தனை என்று யோசித்துக்கொள்ளுங்கள், பராமரிக்கிறவர்களின் பாடு விளங்கும்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், பட்டுத் தெரிந்தது. நான் வாங்கியது சுமார் 180 வருடத்து மணற்கல் வீடு, சின்னது. கல்லுக்கு இடையில் சுண்ணாம்புச் சாந்து உதிர்கிறது என்று ஒரு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டேன். அவர் நல்ல கெட்டியான சிமெண்டால் இணைப்பெல்லாம் பூசிவிட்டுப் போனார். எனக்கும் சந்தோஷம், பளிச்சென்று இருந்தது. மூன்றாவது குளிர்காலத்தில் கல்லின் முகம் தட்டையாகப் பெயர்ந்து கீழே விழ ஆரம்பித்தது. சிமெண்ட் அப்படியே வரப்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்க, கல் உள்ளே போய்விட்டது! சுவருக்குள் போன ஈரம் முன்பு சுண்ணாம்பு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. சிமெண்ட் வழி விடாததால் கல் வழியாகவே வெளியேறப் பார்த்தது, உறைபனியில் அந்த ஈரம் விரிந்து கல்லை உடைத்தது. எல்லாச் சிமெண்டையும் உளியால் எடுத்து மறுபடி சுண்ணாம்பு பூச இரண்டு கோடைகாலம் போயிற்று. இணைப்பு கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும், தேய்ந்தால் அது தேயட்டும் என்று அந்த இரண்டாவது கொத்தனார் சொன்னார். வயசான மனுஷன், தேநீருக்கு நாலு சீனி போடுவார்.

எதிர்க்கேள்வி (ஞாயிறு, மதியம் 2.02)

தஞ்சைப் பெரிய கோவிலில் சாந்தே இல்லாமல்

மட்டுறுத்துநர் (ஞாயிறு, மதியம் 2.04)

எதிர்க்கேள்வி, அதற்குத் தனி இழை இருக்கிறது, 41 பக்கம் ஓடி நான் பூட்டி வைத்தது. இங்கே ஹார்ட்விக் மட்டும்.

எதிர்க்கேள்வி (ஞாயிறு, மதியம் 2.31)

சரி சரி. அப்படியானால் வேறு கேள்வி. எல்லோரும் பெஸ் கட்டினார், பெஸ் கட்டினார் என்கிறீர்கள். பெஸ் பணம் கொடுத்தார். திட்டம் போட்டது யார்? கல் சுமந்தது யார்? கோபுர உச்சியில் தன் பெயர் எழுத்தைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறாராமே, மேஸ்திரி பெயர் எங்கே?

ஆவணப்பூச்சி (ஞாயிறு, மாலை 4.47)

இந்த ஒரு தடவை நியாயமான கேள்வி. :)

கோபுர உச்சிகளில் ஆங்கிலத்தில் 'ஈ', 'எஸ்' என்ற எழுத்துகள், மேலே ஏர்ல் குடும்பத்துக் கிரீடம். எலிசபெத் ஷ்ரூஸ்பரி. எழுத்தைச் சுற்றி வார் பின்னியது போன்ற கல் வேலைப்பாடு, நடுவே வெளி விட்டு வானம் தெரியும்படி. எந்தத் திசையிலிருந்து வந்தாலும் வீடு தெரிவதற்கு முன்பே பெயர்தான் தெரியும்.

திட்டம் என்று வந்தால் ராபர்ட் ஸ்மித்சன் பெயரைச் சொல்லுவார்கள். கல்தச்சராகத் தொடங்கியவர். வில்ட்ஷயரில் லாங்லீட் மாளிகையில் வேலை பார்த்து, நாட்டிங்காமில் வோலட்டன் மாளிகைக்குத் திட்டம் போட்டவர். ஹார்ட்விக்கோடு நெருக்கமாக ஒத்துப்போகும் தரைப்படம் ஒன்று அவருடைய வரைபடத் தொகுப்பில் இருக்கிறது. ஆனால் ஹார்ட்விக் கட்டடக் கணக்குப் புத்தகங்களில் அவர் பெயர் வருவது அபூர்வம். தினசரி வேலை நடத்தியவர்கள் அங்கேயே தங்கியிருந்த கல்தச்சர்கள். ரோட்ஸ் என்ற சகோதரர்கள் அவர்களில் முக்கியமானவர்கள், வோலட்டனிலும் வேலை பார்த்தவர்கள். சுதை வேலைக்கு ஆப்ரஹாம் ஸ்மித், பளிங்கு வேலைக்குத் தாமஸ் ஆக்கர்ஸ். கணக்குகளைப் பெஸ் தானே பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கையெழுத்து அதே 'ஈ. ஷ்ரூஸ்பரி'தான்.

ஸ்மித்சன் 1614இல் இறந்தார். வோலட்டன் தேவாலயத்தில் அவர் நினைவுக்கல் இருக்கிறது. அதில் அவரைக் கட்டடக்கலைஞர் என்றே எழுதியிருக்கிறார்கள், அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஒரு கல்தச்சருக்கு அந்தச் சொல்லைப் போட்டது அபூர்வம். வோலட்டன் பெயர் இருக்கிறது, "மற்றும் பெருமதிப்புள்ள பல வீடுகள்" என்று இருக்கிறது, ஹார்ட்விக் பெயர் இல்லை. என் கருத்து: கரு ஸ்மித்சனுடையது, ஆனால் போகப் போக மாற்றியது பெஸ். தலைமாட்டில் நின்று மேற்பார்வை பார்க்கும் வீட்டுக்காரம்மாவை யாருக்குத்தான் தெரியாது. டெர்பி பேராலயத்தில் இருக்கும் பெஸ்ஸின் கல்லறைக்கும் ஸ்மித்சன்தான் வடிவம் கொடுத்தார். அதையும் உயிரோடு இருக்கும்போதே கட்டி முடிக்க வைத்தார் அம்மணி.

கொத்தனார்மகன் (ஞாயிறு, மாலை 5.30)

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அந்தத் தரைப்படத்தில் பெரிய புதுமை ஜன்னல் இல்லை என்பது என் எண்ணம். நடுக்கூடம்தான். அதுவரை ஆங்கிலப் பெருவீடுகளில் கூடம் முகப்புக்கு இணையாகப் படுத்திருக்கும். ஒரு ஓரத்துக் கதவில் நுழைந்து, மரத் தடுப்பைத் தாண்டித் திரும்பினால்தான் கூடம். அதே டெர்பிஷயரில் ஹேடன் மாளிகையில் இன்னும் அப்படித்தான் இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் வாசலை நட்டநடுவில் வைக்கவே முடியாது. ஹார்ட்விக்கில் கூடத்தைத் திருப்பி, முகப்புக்குச் செங்குத்தாக, நட்டநடுவில் வைத்தார்கள். வாசலில் நுழைந்தால் நேராகக் கூடம், இரண்டு தள உயரம். வெளியே இடம் வலம் ஒத்துப்போவதற்கு உள்ளே கொடுத்த விலை இது. நல்ல விலை.

தெருக்கோடி (திங்கள், இரவு 8.40)

ஆமாம், நுழைந்ததும் கூடம், கணப்புக்கு மேலே சுதையில் பெரிய கலைமான் இரண்டு. அம்மாவுக்கு அதுதான் பிடித்தது. எனக்குப் பிடித்தது கல் படிக்கட்டு. அலங்காரமே இல்லை, அகலமாக, மெதுவாக, வீட்டுக்குள்ளேயே ஊர்வலம் போவது மாதிரி வளைந்து மேலே போகிறது. எங்கே கொண்டுபோய் விடப் போகிறது என்றே தெரியவில்லை.

ஒரு சந்தேகம். ஏன் முக்கியமான அறைகள் எல்லாம் உச்சித் தளத்தில்? அம்மாவின் மூட்டு அன்றைக்குக் கேட்டதும் இதுதான்.

ஆவணப்பூச்சி (திங்கள், இரவு 9.25)

கீழ்த்தளம் வேலையாட்களுக்கு, நடுத்தளம் பெஸ்ஸும் குடும்பமும் அன்றாடம் புழங்க, மேல்தளம் விருந்தாளிகளுக்கு. அதிலும் பெரிய விருந்தாளிகளுக்கு. மகாராணி எலிசபெத் ஒருநாள் வருவார் என்ற ஆசை. அவர் வரவே இல்லை. பேத்தி அராபெல்லா ஸ்டூவர்ட்டுக்கு அரியணையில் உரிமை இருந்தது, அந்தக் கனவும் இந்த அறைகளில் இருந்தது. அந்தப் பெண் இந்த வீட்டைச் சிறை என்றே நினைத்தாள் என்பது வேறு கதை.

மேல்தளப் பெருங்கூடத்தில் சுவரின் மேல்பாதி முழுக்கச் சுதை: காடு, மரங்கள், வேட்டை, நடுவே வேட்டைத் தேவதை டயானாவின் சபை. வண்ணம் மங்கியிருக்கிறது, ஆனால் மரத்தின் பட்டை வரை செய்திருக்கிறார்கள். அந்த வேலைப்பாட்டுக்காகவே இரண்டு மாடி ஏறலாம். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

எதிர்க்கேள்வி (திங்கள், இரவு 9.50)

அத்தனை கண்ணாடி, டெர்பிஷயர் குளிர், மேட்டு உச்சிக் காற்று. குடியிருக்கிற வீடா அது? ஊருக்குக் காட்டக் கட்டிய வீடு. 70 வயதுப் பாட்டி குளிரில் நடுங்கியிருப்பார்.

ஆவணப்பூச்சி (திங்கள், இரவு 10.18)

நடுங்கியிருப்பார்தான். 1601இல் வீட்டிலுள்ள சாமான்கள் அத்தனையையும் அறை அறையாகப் பட்டியல் எடுத்து வைத்திருக்கிறார்கள், அது இன்றும் இருக்கிறது. பெஸ்ஸின் படுக்கையறைக்கு வந்தால், கட்டிலைச் சுற்றித் திரை, மேலே கம்பளிகள் அடுக்கடுக்காக, போதாததற்கு ஜன்னலுக்கு முன்னால் தொங்கவிடப் போர்வைகள், கதவுக்கு முன்னாலும் ஒன்று. இவ்வளவு பெரிய ஜன்னல்களைக் கட்டிவிட்டு, தூங்கும் அறையில் அதைப் போர்வையால் மூடியிருக்கிறார்! எதிர்க்கேள்வி, ஒரு புள்ளி உங்களுக்கு.

துணி என்றதும் இன்னொன்று. நீள் கூடத்துச் சுவரில், பைபிளில் வரும் கிதியோனின் கதையைப் படமாக நெய்த திரைகள் 13 தொங்குகின்றன. கிட்டத்தட்ட 6 மீட்டர் உயரம், சேர்த்துப் பிடித்தால் 70 மீட்டருக்கு மேல் நீளம். முதலில் மகாராணி எலிசபெத்தின் அமைச்சர் சர் கிறிஸ்டோபர் ஹாட்டனுக்காக நெய்தது. அவர் கடனோடு இறந்ததும் பெஸ் 1592இல் வாங்கினார். "உங்கள் குலச்சின்னத்தை மாற்ற எனக்குச் செலவு ஆகும்" என்று சொல்லி விலையில் கழிவு வேறு வாங்கினார். மாற்றிய விதம்தான் அருமை. ஹாட்டனின் சின்னத்தில் பெண் மான், கேவண்டிஷ் சின்னத்தில் ஆண் மான். ஹாட்டனின் சின்னத்தின் மேல் பெஸ்ஸின் சின்னம் வரைந்த துணியை வைத்து மறைத்து, மானுக்குக் கொம்பை வரைந்து சேர்த்துவிட்டார்கள், வேலை முடிந்தது.

இப்போது அந்த ஜன்னல்களே அந்தத் திரைகளுக்கு எதிரி. வெளிச்சம் பட்டால் கம்பளி நூலின் சாயம் போகும், பட்டு நூல் இற்றுப்போகும். அதனால் பகலிலேயே மறைப்புகளை இறக்கி அரையிருட்டாக வைத்திருக்கிறார்கள். 13 திரைகளையும் சுத்தம் செய்து தைத்து முடிக்க 24 வருடம் ஆயிற்று. 2023இல்தான் முடிந்தது. மாளிகை கட்டியதோ ஏழு வருடம்.

வடமராட்சியான் (திங்கள், இரவு 11.02)

அந்த அரையிருட்டில் கோரைப்பாய் வாசம் வரும். நீள் கூடம் முழுக்கப் பின்னிய கோரைப்பாய்தான் விரித்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆட்களுக்கு அது புதுமை, எனக்கு அம்மம்மா வீடு.

அக்கா, ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேர்க்கை. வீடு இவ்வளவு மாறாமல் இருப்பதற்குக் காரணம் பராமரிப்பு மட்டும் இல்லை, அலட்சியமும்தான். பெஸ்ஸின் இரண்டாம் கணவர் வழி வந்த கேவண்டிஷ் குடும்பம், பிறகு டெவன்ஷயர் டியூக் பட்டம் பெற்றவர்கள், சாட்ஸ்வொர்த் மாளிகையைத்தான் தலைமை வீடாக வைத்துக்கொண்டார்கள். காசும் ஆசையும் அங்கே போயிற்று. சாட்ஸ்வொர்த்தில் பெஸ் கட்டியதை எல்லாம் பின்னால் வந்தவர்கள் மாற்றிக் கட்டிவிட்டார்கள். ஹார்ட்விக் இரண்டாவது வீடு, அதனால் தப்பியது. தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் இந்தக் குடும்பத்தோடு இருந்து இந்த வீட்டில்தான் 1679இல் 91 வயதில் இறந்தார். அவருக்கும் குளிராமல் இருந்திருக்காது. 10ஆவது டியூக் 1950இல் இறந்தபோது விழுந்த மரண வரிக்காக வீட்டையே அரசுக்குக் கொடுத்து, 1959இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் கைக்கு வந்தது. கடைசியாகக் குடியிருந்த ஈவ்லின் சீமாட்டி கையால் ஊசி பிடித்து அந்தத் திரைகளைத் தைத்தவர்.

தெருக்கோடி (அடுத்த ஞாயிறு, மாலை 6.35)

போய்விட்டு வந்தேன். அம்மா வரவில்லை, அப்பாவும் நானும் மட்டும். நேராகப் பழைய மாளிகை.

கொத்தனார்மகன் அண்ணா, பப்பாளி என்று சொன்னீர்களே, அதேதான். கூரை இல்லை, தளம் இல்லை. சுவரில் கணப்புகள் மட்டும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அந்தரத்தில் தொங்குகின்றன. கீழே ஒன்று, அதற்கு நேர் மேலே ஒன்று, அதற்கும் மேலே ஒன்று. தளம் இருந்த இடத்தில் உத்தரம் செருகிய ஓட்டைகள் வரிசையாக. மேலே ஒரு கணப்பின் தலையில் சுதைச் சிற்பம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மழையிலும் வெயிலிலும்.

அப்பா கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஒரே இடத்தில் நின்றார். இங்கே சுவர் நேர்த்தியாக இழைத்த கல் இல்லை, ஒழுங்கற்ற கல்லைச் சாந்தில் வைத்து, மூலைக்கும் ஜன்னலுக்கும் மட்டும் கொத்திய கல். மேலே பூசிவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்பா ஒரு கணப்பின் பக்கத்துச் சுவரை முழக்கையால் அளந்தார், ஒரு முழம், இரண்டு முழம் என்று போனது. அங்கிருந்து திரும்பிப் புது மாளிகையைப் பார்த்தோம். சாயங்கால வெயில் மேற்கு முகப்பில் விழுந்து ஜன்னல் அத்தனையும் தீப்பிடித்த மாதிரி. ஒவ்வொரு சின்னக் கண்ணாடியும் ஈயத்தில் கொஞ்சம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருப்பதால் ஒவ்வொன்றும் ஒரு விதமாக மின்னுகிறது, ஒரே பாளமாக இல்லை.

அப்பா சொன்னது: "சரி, சுவர் இருக்கு. ஒத்துக்கறேன்."

காருக்கு வரும் வழியில் அடுத்த கேள்வி: "கூரை தட்டையா இருக்கே, மழைத் தண்ணி எந்தப் பக்கம் இறங்குது?"

கொத்தனார்மகன் (அடுத்த ஞாயிறு, இரவு 7.10)

ஈயத் தகடு வேய்ந்த கூரை. பெஸ் காலத்தில் விருந்து முடிந்து அதன் மேல் உலாவப் போவார்கள், கோபுரம் ஒன்றின் உச்சி அறையில் இனிப்பு சாப்பிட. தண்ணீர்க் கணக்கு பெரிய கதை. அப்பாவுக்கு ஊருக்குப் போக இன்னும் எத்தனை நாள் இருக்கிறது?

தெருக்கோடி (அடுத்த ஞாயிறு, இரவு 7.12)

இரண்டு.

கொத்தனார்மகன் (அடுத்த ஞாயிறு, இரவு 7.15)

அப்படியென்றால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.